ஒரு பெயர் போதும்

“ஒரு பெயர் போதும்” என்றார் மேடையிலிருந்த தலைவர். காலையிலிருந்து இது எத்தனையாவது தடவையோ. “அந்த ஆற்று முனையில் புதைக்கப்பட்டவர்களில் யாராவது ஒருவருடைய பெயர். அவர் இன்னார்தான் என்று உறுதி சொல்ல நெருங்கிய ரத்த உறவு ஒருவர். பெயர் சொல்பவர் ஒருவர், உறுதி சொல்பவர் இன்னொருவர். இரண்டும் கிடைத்தால் அது இடுகாடு என்று பதிவாகும், எரிவாயுக் கம்பெனி போடுகிற சாலை சுற்றிக்கொண்டு போகும். கிடைக்காவிட்டால் அது வெறும் நிலம். இதைவிடச் சுலபமாகச் சட்டம் உங்களுக்கு என்ன செய்ய முடியும்?” சொல்லிவிட்டுத் தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகினார். மூடி உடைகிற அந்தச் சின்னச் சத்தம் கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. ரயீசா எழுந்து நின்று, அவர் ரஷ்ய மொழியில் சொன்னதைத் தன் சனத்தின் நேனெத்ஸ் மொழியில் திருப்பிச் சொன்னாள். இந்த மாதிரிக் கூட்டங்களில் அது அவள் வேலை, சம்பளமில்லாத வேலை. எழுத்தாளர் இருக்கும்போது மொழிபெயர்ப்பாளர் எதற்கு என்று இரண்டு தரப்பும் சேர்ந்து எப்போதோ முடிவு செய்திருந்தன. சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். வெப்பக் குழாயை ஒட்டின நாற்காலி. ஒரு முழங்கால் வெந்தது, மற்றது சில்லிட்டது. தூந்திராவிலிருந்து பனிவண்டிகளில் வந்த சனம் தோலங்கியைக் கழற்றாமலே உட்கார்ந்திருந்தது. ரோமத்தில் ஒட்டியிருந்த பனி உருகிச் சொட்டி, பனிமான் தோலும் அடுப்புப் புகையும் டீசலும் கலந்த ஒரு வாடை மண்டபத்தில் ஏறிக்கொண்டே இருந்தது. துப்புரவுக்காரி வந்து ஜன்னலைத் திறந்துவிட்டுப் போனதை ரயீசா பார்த்தாள். போகும்போது அவள் மூக்கைச் சுளித்ததையும் பார்த்தாள். சுளித்தவள்மேல் கோபம் வருவதற்குள் தன்மேல் வந்துவிட்டது. கூடாரத்துக்குள்ளேயே இருக்கிறவர்களுக்கு அது வாடையே கிடையாது, வெளியே போய் வந்தவர்களுக்குத்தான் அது தெரியும், மணமாகவோ நாற்றமாகவோ. அவளுக்கு எப்போதும் இரண்டுமாகத் தெரிந்தது. நாற்பது வருஷமாக இரண்டுமாக.

இன்றைக்குச் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்துத்தான் வந்திருந்தாள். அம்மாவின் பெயரை. காலையில் பல் தேய்க்கும்போது நுரையோடு சேர்த்துத் துப்பிப் பழகிக்கொள்ளலாமென்று பார்த்தாள். நாக்கு முதல் எழுத்தின் இடத்தைப் போய்த் தொட்டது, சூடு பட்டதுபோல் திரும்பி வந்தது. பஸ்ஸில் வரும்போது மறுபடியும் பார்த்தாள், உதடு மூடியபடியே, மனதுக்குள். மனதுக்குள் சொன்னால் அது சொன்னதாகுமா? செத்தவர்களின் பெயரைச் சொல்லக் கூடாது, சொன்னால் அவர்கள் திரும்பிப் பார்ப்பார்கள், போகிற வழியில் திரும்பிப் பார்த்தவர்களுக்கு அப்புறம் வழி தெரியாது. இதை யாரும் அவளை உட்காரவைத்துச் சொல்லித் தந்ததில்லை. நெருப்பைத் தொடக் கூடாது என்பதுபோல் அது தானாகத் தெரிந்திருந்தது. செத்தவர்கள் மட்டுமா? வளர்ந்து ஆளாகிவிட்ட உயிருள்ளவர்களின் பெயரையே அவளுடைய சனம் வாய்விட்டுச் சொல்லாது. பிள்ளை பிறந்ததும் சொந்தப் பெயரை மடித்து உள்ளே வைத்துவிடுவார்கள். அண்ணன் என்றால் ‘தீமாவின் அப்பா’, அண்ணி என்றால் ‘தீமாவின் அம்மா’. எல்லோரும் யாருக்காவது அப்பா, யாருக்காவது அம்மா. பிள்ளை பெறாத ரயீசாவை எப்படிக் கூப்பிடுவது என்று யாருக்கும் புரியவில்லை. கொஞ்ச காலம் ‘இந்தா’ என்றார்கள், ‘அங்க பாரு’ என்றார்கள், அவள் புத்தகம் வந்ததும் ஒரு வழியாக அவர்களுக்கு நிம்மதியாயிற்று.

“ஏ எழுதுறவளே” என்று பின் வரிசையிலிருந்து அண்ணி விரலால் முதுகில் குத்தினாள். “அந்த ஆளு ஏன் கேட்டதையே கேக்குறான்? காது அடைச்சிருக்கா?”

“பேரு வேணுமாம் அண்ணி.”

“பேரு எதுக்கு? முனையில இருக்கிற பெட்டிங்க கண்ணுக்குத் தெரியலயாமா? வேணும்னா நேரா போயி தட்டிக் கேக்கச் சொல்லு, உள்ள யாருன்னு. திறந்தாங்கன்னா சொல்லுவாங்க.” சுற்றியிருந்த பெண்கள் அங்கிக் கையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தார்கள். அண்ணி இன்னும் குனிந்தாள். “உங்கண்ணன் கேக்கச் சொன்னாரு, சாப்டியான்னு.”

அண்ணன் அண்ணிக்குப் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தான். கையை நீட்டினால் தோளைத் தொட்டுவிடலாம். “சாப்டேன்னு அவர்கிட்ட சொல்லுங்க” என்றாள் ரயீசா.

“சாப்டாளாம்” என்று அண்ணி அண்ணன் பக்கம் திரும்பிச் சொன்னாள். “பொய். மூஞ்சியப் பாத்தாலே தெரியுது.”

இப்படித்தான் அவர்கள் பேச்சு, எவ்வளவு காலமாக என்று கணக்கு வைக்கவில்லை. அவனுக்கு அவள்மேல் கோபம் என்று ஊர் சொன்னது. கோபம் என்றால் அவளுக்குப் புரிந்திருக்கும், கோபத்துக்கு ஒரு பதில் எழுதியிருப்பாள். அவன் எதிரில் வந்தால் கண்ணைத் தாழ்த்திக்கொண்டான், கடன்பட்டவன் கடன் கொடுத்தவனைப் பார்த்துத் தாழ்த்துவதுபோல். அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் அவள் நினைப்பு வண்டி கல்லில் இடித்தாற்போல் நின்றுவிடும், அதற்கு அப்பால் போகாது, பக்கவாட்டில் சரிந்து வேறெங்கோ போகும். இப்போதும் சரிந்தது, அந்த இலையுதிர்காலத்து ஹெலிகாப்டருக்கு. அதன் காற்றில் நாய்கள் படுத்துக்கொண்டன, கூடாரத்துத் தோல் படபடவென்று அடித்துக்கொண்டது. பள்ளிக்கூடத்துக்குப் பிள்ளை பிடிக்க வந்திருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும். அம்மா சறுக்குவண்டியின் மேல் போட்டிருந்த தோல் மூட்டையை விலக்கினாள். உள்ளே ஒரு பிள்ளை ஒண்டிக்கொள்ளத்தான் இடமிருந்தது. ஒரு கண்ணிமை நேரம் அம்மா இரண்டு பேரையும் பார்த்தாள். அப்புறம் அண்ணனின் தலையைப் பிடித்து உள்ளே அமுக்கி, மேலே தோலை இழுத்துவிட்டாள். மந்தைக்கு ஆள் வேண்டும், அப்பா போய்ச் சேர்ந்துவிட்டிருந்தார், ஆண்பிள்ளைதான் கயிறு வீசுவான், இதெல்லாம் பிறகு ரயீசாவே அம்மாவுக்காகத் தேடிக் கண்டுபிடித்துக் கொடுத்த நியாயங்கள். அம்மா ஒரு நியாயமும் சொல்லவில்லை. இவளுடைய அங்கியின் கயிற்றை இறுக்கிக் கட்டினாள், இரண்டு முடிச்சாக. “ஹாத்னே, குளிரும், கழுத்த மூடிக்க” என்றாள். அவ்வளவுதான். ஹாத்னே என்றால் பனிப்புயல் பெண், அவள் பிறந்த நாளில் வெளியே நாய்கூட நிற்க முடியவில்லையாம். அந்தப் பெயரை அம்மா சொல்லிக் கேட்டது அதுவே கடைசி. பள்ளிக்கூடத்தில் தலையை மழித்தார்கள், அங்கியைக் கொதிகலன் அறையில் போட்டு எரித்தார்கள், வாத்தியாரம்மா வரிசையாக விரலை நீட்டிக்கொண்டே வந்து நீ லரீசா, நீ ரயீசா, நீ ஸோயா என்றாள். காலையில் ரயீசா என்று கூப்பிட்டால் அவளுக்கு யாரையோ கூப்பிடுகிறார்கள் என்றிருக்கும், சும்மா இருப்பாள். வாத்தியாரம்மா ‘வரவில்லை’ என்று போட்டுக்கொள்வாள். பெஞ்சில் உட்கார்ந்துகொண்டே அவள் வராமலிருந்தாள். பாஸ்போர்ட்டிலும் ரயீசா, பட்டத்திலும் ரயீசா, புத்தக அட்டையிலும் ரயீசா. ஹாத்னே எந்தத் தாளிலும் ஏறவில்லை. இந்த மண்டபத்தில் தோலங்கி போட்டிருக்கிறவர்களுக்கு அது தெரியும், ஆனால் சொல்ல மாட்டார்கள். மேடையில் இருப்பவர்கள் சொல்லுவார்கள், ஆனால் அவர்களுக்குத் தெரியாது.

மேடையில் இப்போது கம்பெனி என்ஜினீயர் பேசிக்கொண்டிருந்தான். இளைஞன், மரியாதையானவன், குரலை உயர்த்தத் தெரியாதவன். திரையில் முனையின் படம். ஆறு வளைகிற இடத்தில் காற்றுக்கு முதுகு காட்டிக்கொண்டு நிற்கிற மேடு, அதன் மேல் பெட்டிகள். வருஷம் முழுக்கத் தரை உறைந்து கிடக்கிற நாட்டில் குழி எங்கே தோண்டுவது? பெட்டியைத் தரைமேல்தான் வைப்பார்கள். இரண்டு பக்கமும் கம்பு நட்டு, குறுக்குக் கட்டையில் மணியைத் தொங்கவிடுவார்கள், போனவருடைய சறுக்குவண்டியை உடைத்துப் பக்கத்தில் கவிழ்த்துவைப்பார்கள். கம்பெனியின் ஆய்வு அதை ‘பழைய மரச் சிதறல்கள்’ என்றது, ‘அகற்றுவது எளிது’ என்றது. மொழிபெயர்க்கும்போது அந்த இடத்தில் ரயீசா சொல் தேடினாள். என்ன சொல்லுவாள்? மரக்குப்பை என்றா? கடைசியில் “நம்ம பெட்டிங்களத்தான் சொல்றான்” என்று மட்டும் சொன்னாள். எந்தப் பெட்டி அம்மாவுடையது என்று அவளுக்குச் சரியாகத் தெரியாது. அம்மா இறந்தபோது அவள் இரண்டு விமானத் தூரத்தில், பல்கலைக்கழக விடுதியில், தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள். செய்தி வந்து சேர்ந்தபோது தேர்வும் முடிந்திருந்தது, முனையில் பனியும் மூடியிருந்தது. பல வருஷம் கழித்துப் போனபோது அண்ணன் தூரத்திலிருந்து மோவாயால் ஒரு திசையைக் காட்டினான். அந்தத் திசையில் இரண்டு பெட்டிகள் இருந்தன. எது என்று கேட்க வாய் வரவில்லை. இரண்டுக்கும் நடுவில் உட்கார்ந்து அழுதுவிட்டு வந்தாள்.

அந்த அழுகையைத்தான் பிறகு நாவலாக எழுதினாள். ரஷ்ய மொழியில். அம்மாவை எழுதும்போது ஓர் இடத்திலும் பெயர் போடவில்லை, ‘மூத்தவனின் தாய்’ என்றே முந்நூறு பக்கமும் ஓட்டினாள். வேறு வழி தெரியாமல் செய்தது. தலைநகரத்தில் வெளியீட்டு விழாவில் கறுப்புச் சால்வை போட்ட விமரிசகி ஒருத்தி அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். “அந்தப் பெயரின்மை! எவ்வளவு துணிச்சலான உத்தி! எவ்வளவு நவீனம்!” என்றாள். ரயீசா தலையை ஆட்டினாள். இது எங்கள் வீட்டு வழக்கம் என்று சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை, கூச்சம், அதோடு கொஞ்சம் ஆசையும் இருந்தது, உத்தி என்றால் உத்தியாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று. அந்தச் சின்ன ஆசைக்கு இவ்வளவு வட்டியா? தீமா பள்ளியில் படித்தவன், புத்தகத்தைக் கூடாரத்தில் எல்லோருக்கும் வாசித்துக் காட்டியிருக்கிறான். “உங்கம்மாவுக்கு ராத்திரியில இருமல் வந்தத ஏன் ஊருக்கெல்லாம் சொல்லிருக்க?” என்று அண்ணி கேட்டாள். “அது எங்க இருமல் இல்லையா?” ஆனால் ஒன்றை மட்டும் ரயீசா புத்தகத்தில் மாற்றி எழுதியிருந்தாள், அதை அண்ணி கேட்கவில்லை, அண்ணனும் கேட்கவில்லை. ‘ஒளித்துவைக்க எங்கும் இடமில்லை’ என்று எழுதியிருந்தாள். இரண்டு பேரையும் கொண்டுபோனார்கள் என்று எழுதியிருந்தாள். அம்மாவைக் காப்பாற்ற எழுதினாளா? தான் விலக்கப்பட்டவள் என்று நாலு பேர் தெரிந்துகொள்ளக் கூடாதென்று எழுதினாளா?

“மதிப்புக்குரிய எழுத்தாளருடைய நாவலை இங்கே பலர் ஆதாரமாகச் சொல்கிறார்கள்” என்று என்ஜினீயர் சொல்லிக்கொண்டிருந்தான். கையில் அவள் புத்தகம். இடைவேளையில்தான் அதைக் கொண்டுவந்து கையெழுத்து வாங்கியிருந்தான், “என் அம்மா உங்கள் வாசகி, கேட்டால் துள்ளிக் குதிப்பார்” என்று சொல்லி. அதே புத்தகம். மையே காய்ந்திருக்காது. “நானும் ரசித்துப் படித்தேன். உண்மையிலேயே அழுதேன். ஆனால் முதல் பக்கத்தில் ஆசிரியரே ‘இதில் வரும் மாந்தர்கள் கற்பனை’ என்கிறார். முனையில் அடக்கம் செய்யப்படும் தாய்க்கு நாவல் முழுவதும் ஒரு பெயர்கூட இல்லை. பெயரில்லாத கற்பனைப் பாத்திரத்துக்காகச் சாலையை எப்படி வளைப்பது? தவறாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.” மேடையில் ஒருவர் சிரித்தார். தவறாக எடுத்துக்கொள்ளாமல் ரயீசா அதையும் எழுந்து நின்று மொழிபெயர்த்தாள். தன் புத்தகம் பொய் என்று தன் வாயால் தன் சனத்துக்கு, ஒரு சொல் விடாமல். சொல்லி முடித்தபோது சனம் அவளைப் பார்த்த பார்வையில் குற்றச்சாட்டு எதுவும் இல்லை. அப்படித்தானே, நகரத்துத் தாளில் எழுதினால் வேறென்ன ஆகும் என்கிற மாதிரி ஒரு பார்வை. அதற்குக் கன்னத்தில் அறைந்திருக்கலாம்.

“கடைசியாகக் கேட்கிறேன்” என்றார் தலைவர். “யாராவது?” ஆண்கள் தரையைப் பார்த்தார்கள். இவர்களில் ஒவ்வொருவனுக்கும் அந்த மேட்டில் யாரோ இருந்தார்கள், ஒவ்வொருவன் தொண்டையிலும் ஒரு பெயர் முள்ளாகக் குத்திக்கொண்டிருந்தது. துப்பினால் முனை பிழைக்கும். ஆனால் துப்புகிறவனுடைய அப்பன் வழி தவறி அலைவான். யார் செய்வான்? பெயர் சொல்லத் துணிந்தவள் இந்த மண்டபத்தில் ஒருத்திதான் இருக்க முடியும், பாதி வெளியே போனவள், இழக்க ஒன்றுமில்லாதவள், வாயாலேயே பிழைக்கிறவள். எல்லோரும் அதற்காகத்தான் காத்திருக்கிறார்கள் என்று அவளுக்குத் திடீரென்று பட்டது. அவள் செய்துவிட வேண்டும், பிறகு அவர்கள் அவளை வெறுக்க வேண்டும், இரண்டும் சேர்ந்தால்தான் அவர்களுக்கு நிம்மதி. ரயீசா கையை உயர்த்தினாள். முழங்கால் ஒன்று வெந்தும் ஒன்று விறைத்தும் எழுந்தது. மைக்கை நோக்கி இரண்டு எட்டு வைத்தாள், நின்றுவிட்டாள். மைக்கின் ஒயர் தரையில் குறுக்கே கிடந்தது. கறுப்பாக, சுருள் சுருளாக, மான் பிடிக்கிற கயிறு மாதிரி. கயிற்றைப் பெண் தாண்டக் கூடாது. இது கயிறில்லை, ஒயர், உள்ளே செம்புக் கம்பி, அவள் முதுகலைப் பட்டதாரி, ஐம்பதை நெருங்குகிறவள், வெளிநாட்டு மாநாடுகளில் ஒயர்களைத் தாண்டித் தாண்டிப் போய்ப் பழங்குடிப் பெண்ணின் விடுதலையைப் பற்றிப் பேசியவள். கால் வரவில்லை. பின்னால் சனம் உட்கார்ந்திருக்கும்போது அந்தக் கால் வேறு யாருடைய காலோ ஆகிவிடுகிறது. “பார்த்து வாருங்கள், தடுக்கும்” என்றான் என்ஜினீயர் அன்பாக. அவள் திரும்பி, மண்டபத்தின் பின்பக்கமாக, கடைசி வரிசையைச் சுற்றிக்கொண்டு நடந்தாள். மேடையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். “சுத்திப் போறா பாரு” என்று ஒரு கிழவர் முணுமுணுத்தார், அதில் ஒரு பிரியம் இருந்ததுபோல் கேட்டது. அது போதும், அந்தப் பிரியத்தோடு இப்படியே கதவு வழியாக வெளியே போய்விடலாம் என்றிருந்தது. அண்ணனைக் கடந்தாள். அவன் தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான். கயிறு அறுத்த தழும்பு ஓடிய கைகள். தோல் மூட்டைக்குள் அன்றைக்கு இந்தக் கைகளால் அவன் காதைப் பொத்திக்கொண்டிருந்தானா? ஹெலிகாப்டர் சத்தத்துக்கா, அவள் கத்தியதற்கா? அம்மாவின் பெயரைச் சொன்னால் இவனுக்குத்தான் வலிக்கும். வலிக்கட்டும் என்று ஒரு குரல் அவளுக்குள் சொன்னது. தெளிவாக, பச்சையாக. அவள் திகைத்துப்போனாள். முனைக்காகச் சொல்லப்போகிறேன் என்றுதானே காலையிலிருந்து நினைத்துக்கொண்டிருந்தாள்? அம்மா, நீ அவனை ஒளித்தாய், என்னைக் கொடுத்தாய், இப்போது நான் உன்னைக் கொடுக்கிறேன், பெயரோடு, மைக்கில், எழுத்துக் கூட்டி. இத்தனை வருஷம் நல்லவளாக எழுதி எழுதி அடியில் தேங்கியிருந்தது இதுதானா?

மைக் அவளைவிட உயரமாக இருந்தது. செயலாளர்ப் பெண் ஓடிவந்து இறக்கிவிட்டாள். “சொல்லுங்கள், ரயீசா பெத்ரோவ்னா” என்றார் தலைவர். ரயீசா வாயைத் திறந்தாள். நாக்கு அந்த முதல் எழுத்தின் இடத்துக்குப் போயிற்று, நின்றது. அங்கியின் கயிற்றில் இரண்டு முடிச்சு. காற்றில் அம்மாவின் முடி வாயில் பறந்து ஒட்டிக்கொண்டிருந்தது, அதை விலக்கக்கூட அவள் கையை எடுக்கவில்லை, முடிச்சுப் போட்டுக்கொண்டே இருந்தாள். இல்லை. முடியாது. கோபத்தாலும் முடியாது, நியாயத்தாலும் முடியாது. ஆனால் தலைவர் பேனாவை எடுத்துவிட்டார், என்ஜினீயர் புத்தகத்தை மூடிவிட்டான், மேட்டில் மணிகள் தொங்கிக்கொண்டிருந்தன, இவர்களுக்கு ஒரு பெயர் வேண்டும், ஒன்றே ஒன்று, யாருடையதாக இருந்தால் என்ன.

“ஹாத்னே” என்றாள்.

பின்னால் யாரோ மூச்சை உள்ளிழுத்தது கேட்டது. பிறகு தோலங்கிகள் உரசுகிற சத்தம், பெண்கள் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொள்கிறார்கள். மேடைக்கு ஒன்றும் புரியவில்லை. செயலாளர்ப் பெண் எழுதிக்கொண்டே, “இறந்தவர் உங்களுக்கு என்ன உறவு?” என்று கேட்டாள்.

“கூடப் பிறந்தவள்.”

“மூத்தவரா, இளையவரா?”

“என்னைவிட ரொம்பச் சின்னவள்” என்றாள் ரயீசா. பொய் சொல்கிறோம் என்று அவளுக்குத் தோன்றவே இல்லை. அதுதான் பயமாக இருந்தது. ஹாத்னே இனி செத்தவர்களின் பெயர், இனி ஒருவரும் அதைச் சொல்ல மாட்டார்கள், அவளேகூட. இத்தனை காலம் யாரும் கூப்பிடவில்லைதான், ஆனாலும் ஒரு நாள் யாராவது கூப்பிடலாம் என்று அது உள்ளே மடிந்து கிடந்தது.

“நல்லது. உறுதி சொல்ல வேறொரு உறவினர் வேண்டும்” என்றார் தலைவர். “நீங்களே இரண்டுமாக இருக்க முடியாது.”

அதை அவள் மறந்தே போயிருந்தாள். மொழிபெயர்த்தாள். கூடப் பிறந்தவன் உலகத்தில் ஒருவன்தான். அவன் எழுந்துகொண்டிருந்தான். கதவுக்குப் போகிறான் என்று நினைத்தாள், போகட்டும், நானும் அப்படித்தான் செய்திருப்பேன். ஆனால் அண்ணன் ஒயரைத் தாண்டி நேராக வந்தான். மைக்கின் அந்தப் பக்கம் நின்றான். வாயருகில் தாடி முழுக்க நரைத்திருப்பதை அவள் இவ்வளவு பக்கத்தில் இப்போதுதான் பார்த்தாள்.

“ஸ்தெபான் பெத்ரோவிச்” என்று தலைவர் அண்ணனைத் தாளில் இருந்த பெயரால் கூப்பிட்டார். “இந்தப் பெயருள்ளவர் அந்த முனையில் இருக்கிறாரா? ரயீசா பெத்ரோவ்னா, மொழிபெயர்க்க வேறு ஆளில்லை, நீங்களே செய்துவிடுங்கள்.”

இடையில் அண்ணி இல்லாமல் அண்ணனிடம் அவள் பேசியாக வேண்டும். “அந்தப் பேருள்ளவ அங்க இருக்காளான்னு கேக்குறாங்க” என்றாள்.

அவன் மைக்கைப் பார்த்துச் சொன்னான். “இருக்கா. என் தங்கச்சி.”

“இருக்கிறார். இவருடைய தங்கை” என்றாள் ரயீசா ரஷ்ய மொழியில்.

“எப்போது இறந்தார்?”

“எப்ப செத்தான்னு கேக்குறாங்க.”

“சின்னப் புள்ளையில. நான் ஒளிஞ்சிருந்தேன். கத்துனா, கேட்டுச்சு. நான் வெளிய வரல. வந்து பாத்தப்ப இல்ல.”

“சிறு வயதில் இறந்தார்” என்றாள் ரயீசா. “சாட்சி அப்போது அருகில் இல்லை.”

அவன் நீளமாகப் பேசியதையும் அவள் சுருக்கமாகச் சொன்னதையும் தலைவர் கவனித்தார், புருவத்தை உயர்த்தினார், விட்டுவிட்டார். “அடக்கம் செய்தது யார்?”

“என்னப் பெட்டியில...” என்று ஆரம்பித்துத் திருத்திக்கொண்டாள். “அவளப் பெட்டியில வச்சது யாருங்கிறாங்க.”

“நான்” என்றான் அண்ணன். “அம்மா இல்ல. நான்தான். அத எழுதிக்கச் சொல்லு.”

“இவர்தான்” என்றாள். மற்றதை அவள் சொல்லவில்லை. தன்னை அவன் மீட்டுக் கொடுக்கிறானா, ஆணி அடித்து மூடுகிறானா என்று அவன் முகத்தில் தேடினாள். அவன் முகத்தில் எழுத்தே இல்லை. எத்தனையோ முகங்களைப் படித்து எழுதிச் சம்பாதித்தவளுக்கு இந்த ஒரு முகத்தைப் படிக்க வரவில்லை. அவன் வந்த வழியே போய்விட்டான்.

“எங்கள் ஆழ்ந்த அனுதாபங்கள்” என்றார் தலைவர் இருவருக்கும் பொதுவாக. முத்திரை குத்தினார்கள். என்ஜினீயர் கணினியில் சாலையைக் குறித்த சிவப்புக் கோட்டைச் சுட்டி இழுத்தான். திரையில் அது முனையை விட்டு விலகி ஒரு விரற்கடை அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொண்டது. அவ்வளவுதான் தூரம். “நமக்கு ஒன்றும் நஷ்டமில்லை” என்று பக்கத்திலிருந்தவரிடம் சொன்னான். அடுத்த விஷயம் பள்ளிக்கூடக் கூரை என்று அறிவித்தார்கள். தோலங்கிக்காரர்களுக்கு அதில் வேலையில்லை, எழுந்து போகத் தொடங்கினார்கள். ரயீசா மறுபடியும் மண்டபத்தைச் சுற்றிக்கொண்டு வந்து தன் நாற்காலியில் உட்கார்ந்தாள். போகிறவர்கள் அவளை ஒட்டித்தான் போனார்கள். யாரும் திட்டவில்லை, யாரும் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. அவள் இருந்த இடத்தை அவர்கள் பார்வை மெதுவாகத் தாண்டிப் போயிற்று, சுவருக்கு, ஜன்னலுக்கு. குழந்தை ஒன்று அவளைப் பார்த்துக் கைகாட்டியது, அதன் தாய் கையைப் பிடித்து இறக்கிவிட்டாள். அண்ணன் வெளியே பனிவண்டியை முடுக்குகிற சத்தம் கேட்டது.

அண்ணிதான் கடைசியாக வந்தாள். ரயீசா நிமிர்ந்து பார்த்தாள். ஏதாவது சொல்லுவாள், குத்தலாக, விரலால் முதுகில் குத்தி, ஏ எழுதுறவளே என்று. அண்ணி பக்கத்து நாற்காலியின் மேல் எதையோ வைத்தாள், தலையைக் குனிந்தபடியே. உறைந்த மீனைச் சீவின துண்டுகள், ரொட்டி, ஒரு துணியில். முனைக்குப் போகிற பெண்கள் வெறுங்கையோடு போக மாட்டார்கள், பெட்டிக்குப் பக்கத்தில் இப்படித்தான் வைப்பார்கள், பேச மாட்டார்கள், வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வந்துவிடுவார்கள். அண்ணி பேசவில்லை. திரும்பியும் பார்க்கவில்லை. கதவு திறந்து குளிர் ஒரு வீச்சு உள்ளே வந்தது, மூடியது.

மேடையில் கூரைக்கு எவ்வளவு தகரம் வேண்டும் என்று பேசிக்கொண்டிருந்தார்கள். வெப்பத்தில் மீனின் விளிம்பு கசியத் தொடங்கியது. ரயீசாவுக்குப் பசித்தது, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லை. யாராவது பார்க்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்தாள். பிறகு துணியை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு தின்னத் தொடங்கினாள்.